இரண்டு பேருக்கென்றே பதிந்து வை

ஜெனோவா

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். ஒக்டோபர் கடைசிக் கிழமை நீ லாங்கே வைன் குன்றுகளுக்குப் போகிறாய் என்று அக்கா சொன்னாள். ஒரு ஆளுக்குத்தான் அறை போட்டிருக்கிறாய் என்றும் சொன்னாள். மாதங்கிக்கு லீவு கிடைக்கவில்லையாக்கும் என்றேன். அக்கா கதையை மாற்றிவிட்டாள். சரி, நீ அவளிடம் கேட்டது இடங்களைப் பற்றி. அதை நான் எழுதுகிறேன். குரல்பதிவாய் அனுப்பினால் நீ பாதியில் நிற்பாட்டிவிடுவாய்.

முதலில் கார். தொரினோவின் கசெல்லே விமான நிலையத்தில் எடுத்தால் அல்பா நகரத்துக்கு ஒன்றேகால் மணித்தியாலம் பிடிக்கும். லண்டனில் இடப்பக்கம் ஓடிப் பழகிய கை உனக்கு. சுற்றுவட்டத்தில் இடப்புறமிருந்து வருகிறவனுக்கு வழி விட்டு, வலப்புறமாய் நுழைய வேண்டும். அல்பா பழைய நகரத்துக்குள் காரைக் கொண்டுபோகாதே. அனுமதி உள்ள வாகனம் மட்டும் போகிற தெருக்கள் அவை, வாசலிலேயே கமரா. தண்டம் அப்போது தெரியாது, மாதங்கள் கழித்து வாடகைக் கார்க்காரர் வழியாக அவர்களுடைய கட்டணத்தோடும் சேர்ந்து வரும். எந்த விலாசம் கொடுத்திருக்கிறாய் என்று பார்த்துக்கொள். நிறுத்துமிடத்தில் நீலக்கோடு என்றால் காசு, வெள்ளை என்றால் இலவசம், மஞ்சளில் நிற்பாட்டவே கூடாது.

குடித்துவிட்டுக் கார் ஓடாதே. இதைத் தொடக்கத்திலேயே எழுதிவிடுகிறேன். இங்கிலாந்தில் ஒரு லீற்றர் இரத்தத்துக்கு 0.8 கிராம் வரை விடுவார்கள், இத்தாலியில் 0.5 தான். லண்டன் கணக்கை இங்கே போடாதே. பரோலோ வைன் சட்டப்படியே 13 சதவீதத்துக்குக் குறையக் கூடாது; இப்போது வருவது பெரும்பாலும் 14, 14.5. ருசி பார்க்கும் இடத்தில் ஒரு தடவைக்கு 50 மில்லி ஊற்றினாலும் ஐந்து வைனுக்குக் கால் லீற்றர் ஆகிவிடும். காலையில் ஒரு இடம், பின்னேரம் ஒரு இடம் என்றால் அரை லீற்றர். துப்புகிற பாத்திரம் மேசையிலேயே இருக்கும், இல்லாவிட்டால் கேள். தயாரிக்கிறவர்களே துப்பித்தான் ருசி பார்க்கிறார்கள், அதை யாரும் அவமரியாதை என்று எண்ண மாட்டார்கள். இரண்டு பேராய்ப் போனால் ஒருவர் குடிக்கலாம், மற்றவர் துப்பிவிட்டுக் கார் ஓடலாம். தனியப் போகிறவனுக்கு அந்த வசதி இல்லை.

ஒரு நாளைக்கு இரண்டு இடத்துக்கு மேல் பதியாதே. காலை பத்து மணிக்கு ஒன்று, பின்னேரம் மூன்று மணிக்கு ஒன்று. பன்னிரண்டரையிலிருந்து இரண்டரை வரை சாப்பாட்டு நேரம், ஒருவரும் கதவு திறக்கமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சின்னக் குடும்பங்கள் பலதும் பூட்டு. சும்மா போய் மணி அடித்தால் திறப்பார்கள் என்ற காலம் போய்விட்டது, இரண்டு கிழமைக்கு முன்னமே எழுத வேண்டும். நீ போகிற நேரம் நெபியோலோத் திராட்சை வெட்டி முடிந்து தொட்டிகளில் நொதித்துக்கொண்டிருக்கும். ஆட்கள் களைத்திருப்பார்கள், அதனால் மின்னஞ்சலை இத்தாலியனில் சுருக்கமாய் எழுது. பத்து வயதில் இங்கத்தைய ஆட்களுக்கே வழி சொல்லிக் கொடுத்த பிள்ளை நீ, மொழி எங்கேயும் போயிருக்காது. இன்னொன்று: ஒரு ஆளுக்கென்று நேரம் ஒதுக்கப் பல இடங்களில் விருப்பப்பட மாட்டார்கள். இரண்டு பேருக்கென்றே பதிந்து வை.

நிலக்கீழ் அறைக்குள் போனால் திறந்த தொட்டிக்கு மேலே குனிந்து மணந்து பார்க்காதே. நொதிக்கும்போது கரியமிலவாயு வைனின் மேல்மட்டத்தில் தேங்கி நிற்கும். மூக்கில் சுரீர் என்று ஏறும், தலையும் சுற்றும். இந்த வாயுவால் தொழிலாளிகள் செத்தும் போயிருக்கிறார்கள். பீப்பாய்களைப் பார். ஆள் உயரத்துக்கு மேலே நிற்கிற பெரிய ஓக் பீப்பாய் பழைய முறை. 225 லீற்றர் சின்னப் பீப்பாய் 1980களில் பிரெஞ்சுக்காரரைப் பார்த்துக் கொண்டுவந்தது. அந்த இரண்டுக்காகவும் அந்தக் காலத்தில் தகப்பனும் மகனும் கதைபேச்சில்லாமல் இருந்த வீடுகள் உண்டு. இப்போது பலர் இரண்டையும் வைத்திருக்கிறார்கள். பரோலோ விற்பனைக்கு வர முன் 38 மாதம் கிடக்க வேண்டும், அதில் 18 மாதம் மரத்துக்குள். பர்பரெஸ்கோ வைனுக்கு 26 மாதம், 9 மாதம் மரத்துக்குள். திராட்சை இரண்டுக்கும் நெபியோலோ மட்டும்தான்.

கோட்டைகளில் முதலில் கிரின்சானே கவூருக்குப் போ. அல்பாவிலிருந்து கிட்ட. 2014இல் யுனெஸ்கோ இந்தக் குன்றுகளை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தபோது இந்தக் கோட்டையைத் தனிப் பகுதியாகவே சேர்த்தது. இத்தாலியின் முதல் பிரதமர் கவூர் இளந்தாரியாய் இங்கே வந்து 1832 தொடக்கம் 17 வருஷம் இந்த ஊருக்கு மேயராய் இருந்தார். 1967இல் பியெமொந்தேயின் முதலாவது பிராந்திய வைன் கூடம் இங்கேதான் திறந்தது. மேலே முகமூடிகளின் மண்டபம் இருக்கிறது, கூரைப் பலகைகளை அண்ணாந்து பார்க்காமல் வராதே.

பரோலோ ஊர்க் கோட்டையில் வைன் அருங்காட்சியகம். ரிக்கெற் வாங்கியதும் மேல்மாடிக்கு ஏறி, அங்கிருந்து கீழே இறங்கிக்கொண்டே பார்க்க வேண்டும். மாறிப் போனால் ஒன்றும் விளங்காது. அந்தக் கோட்டையை வைத்திருந்த ஃபல்லெத்தி குடும்பத்தின் கடைசிப் பிரபுப் பெண்மணி, மார்க்கேசா ஜூலியா கோல்பெர்த் வாழ்ந்த அறைகளும் அங்கேதான். பிரான்சில் பிறந்து இங்கே கலியாணம் செய்து வந்தவ. தொரினோச் சிறையில் கிடந்த பெண்களுக்காகவும் ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்காகவும் தன் சொத்தைச் செலவழித்தவ. பிள்ளைகள் இல்லை. 1864இல் அவ போனதோடு அந்த வம்சமும் முடிந்தது.

எனக்குப் பிடித்தது செர்ரலுங்காக் கோட்டை. பதினான்காம் நூற்றாண்டு நடுவில் கட்டினபடியே நிற்கிறது. மற்றக் கோட்டைகளைப் பிறகு வந்தவர்கள் மாளிகையாக மாற்றினார்கள், இதை மாற்றவில்லை. ஒடுங்கி, உயர்ந்து, பிரெஞ்சுக் கோபுரம் போல இருக்கும். வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள், எல்லா நாளும் திறப்பதும் இல்லை, முதல் நாளே பார்த்துக்கொள். படிகள் செங்குத்து, மாதங்கிக்கு முழங்கால் நோகும், மெதுவாய் ஏறச் சொல்லு. கஸ்திலியோனே ஃபல்லெத்தோக் கோட்டை தனியார் வீடு, வெளியே சுற்றிப் பார்க்கலாம், அவ்வளவுதான். அதற்கென்று போகாதே.

லா மொரா ஊருக்குக் காலையில் போகாதே. 513 மீற்றர் உயரம், அங்கிருந்து கிழக்கே பார்த்துத்தான் எல்லாக் குன்றும் தெரியும், காலை வெயில் நேரே கண்ணில் அடிக்கும். அந்த மாதம் காலையில் தனாரோ ஆற்றுப் பக்கமெல்லாம் பனிமூட்டம் வேறு. மூன்று மணிக்குப் பிறகு போனால் சூரியன் முதுகுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு கொடி வரிசையையும் வடிவாய்க் காட்டும். ஆனால் கடைசி ஞாயிறு மணிக்கூடு ஒரு மணித்தியாலம் பின்னுக்குப் போகும், அதன் பிறகு ஐந்தரைக்கு முன்னமே பொழுதுபட்டுவிடும். இருட்டினால் அந்த வளைவுகளில் வெளிச்சமே இல்லை, உழவு இயந்திரமும் வரும். குடித்துவிட்டு ஓடாதே என்பது அதற்காகவும்தான்.

மழை பெய்யாவிட்டால் லா மொராவிலிருந்து பரோலோவுக்கு நடந்து போங்கள். பெரும்பாலும் இறக்கம். மற்ற ஊர்கள் குன்றின் உச்சியில் இருக்க, பரோலோ மட்டும் பள்ளத்துக்குள் கிடக்கிறது. நின்று நின்று போனால் இரண்டு மணித்தியாலம். வழியில் ப்ருனாத்தே தோட்டத்துக்குள், 1999இல் சோல் லெவிட், டேவிட் ட்ரெம்லெட் என்ற இரண்டு கலைஞர்கள் நிறம் தீட்டிய சின்னத் தேவாலயம் இருக்கிறது. 1914இல் கட்டியது, ஒருநாளும் பூசை நடந்ததில்லை. முதல் நாள் மழை என்றால் நடக்காதே. அது சுண்ணாம்பு கலந்த களிமண், காய்ந்தால் சாம்பல் வெள்ளையாய் உதிரும், நனைந்தால் சப்பாத்தில் ஒட்டி ஒட்டி ஒவ்வொரு காலும் இரண்டு கிலோ ஆகிவிடும்.

கொடியைக் கிட்ட நின்று பார். அடிமரத்திலிருந்து ஒரேயொரு நீளக் கிளையைக் கம்பியில் வளைத்துக் கட்டியிருப்பார்கள். நெபியோலோவில் கிளையின் அடியிலுள்ள முதல் மொட்டுகள் காய்க்காது, அதனால் மற்றத் திராட்சை போலக் குட்டையாய் வெட்ட முடியாது. மாரியில் அதை வளைக்கும்போது விரல்களால் மெல்ல நசித்து, முனகுகிற சத்தம் கேட்குமட்டும் வளைத்து, முறிகிறதற்கு முன் நிற்பாட்ட வேண்டும். முறிந்தால் அந்த வருஷம் அந்தக் கொடியில் பலன் இல்லை. மஞ்சளாய் நிற்கிற இலை பெரும்பாலும் நெபியோலோ, சிவந்தது பார்பெரா. தெற்குப் பார்த்த நடுச்சரிவு நெபியோலோவுக்கு. வடக்குப் பக்கமும் அடிவாரமும் ஹேசல்நட் மரங்களுக்கு. வெட்டாமல் விட்ட குலை கண்டால் பிடுங்காதே.

லா மொரா, பரோலோப் பக்கத்து வைன் கொஞ்சம் மென்மை. செர்ரலுங்கா, மொன்ஃபோர்தே பக்கம் மண்ணில் மணற்கல் படைகள் கூட, வைன் இறுக்கமாய் இருக்கும், இளசில் குடித்தால் முரசு காய்ந்து பிடிக்கும். அதைப் பிழை என்று எண்ணி வைத்துவிடாதே, சாப்பாட்டோடு குடித்துப் பார். பர்பரெஸ்கோ ஊருக்கு ஒரு அரை நாள் போதும். கோபுரத்துக்கு லிஃப்ட் உண்டு, பாவிப்பில் இல்லாத தேவாலயம் ஒன்றில் ஊர் வைனெல்லாம் ஒரே இடத்தில் ருசி பார்க்கலாம், எதிரே 1958இல் ஒரு பாதிரியார் விவசாயிகளைச் சேர்த்துத் தொடங்கிய கூட்டுறவு. முன்பதிவு கிடைக்காத நாளுக்கு அந்த ஊர் நல்லது.

சாப்பாட்டில் கவனம். நீ என்ன சாப்பிடுகிறாய் என்று நான் கேட்கப் போவதில்லை, ஆனால் மாதங்கி மாடு தொடமாட்டாள். கார்னே க்ரூதா பச்சை மாட்டிறைச்சி, வித்தெல்லோ தொன்னாத்தோ கன்றிறைச்சி, ப்ரசாத்தோ பரோலோவில் வேகவைத்த மாடு. ப்ளின் சின்னதாய் வடிவாய் இருக்கும், உள்ளே இறைச்சிதான். தயரின் என்கிற முட்டை மஞ்சள்கரு நூடில்ஸை வெண்ணெயும் சேஜ் இலையும் போட்டுத் தரச் சொல்லு, வெறும் தயரின் என்றால் இறைச்சிச் சோஸோடு வரக்கூடும். பாஞ்ஞா கவுதாச் சோஸில் நெத்தலி இருக்கிறது. வெள்ளை ட்ரஃபிள் காளானைத் தட்டில் சீவ முன் நிறுத்துக் காட்டுவார்கள், கிராம் விலை கேட்காமல் தலையாட்டாதே. செவ்வாயோ புதனோ பல இடம் பூட்டு.

போத்தல் வாங்கினால் 2019 என்று போட்டதாய் ஒன்று வாங்கு. உங்கள் கலியாண வருஷம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. பரோலோவுக்கு அது உண்மையிலேயே நல்ல வருஷம், இன்னும் பதினைந்து வருஷம் தாங்கும். இப்போது உடைக்காதே. படுக்க வைக்க வேண்டும், இருட்டு வேண்டும், 12, 14 பாகைக்குள் ஒரே அளவாய் இருக்க வேண்டும், குசினி அலுமாரி சரிவராது. உங்கள் வீட்டில் இடம் இல்லாவிட்டால் என்னிடம் கொண்டுவந்து தா. கீழே எங்கள் கந்தீனாவில், அந்த நிலக்கீழ் அறையில் வைத்துவிடுகிறேன், எத்தனை வருஷமானாலும் இருக்கட்டும். அல்பாவிலிருந்து இங்கே இரண்டு மணித்தியாலம் கூட இல்லை. அக்காவோடு மணிக்கணக்காய்க் கதைக்கிற உனக்கு அவ்வளவு தூரம் ஓடி வர நேரம் இருக்கும் என்று நினைக்கிறேன்.

செர்ரலுங்காவில் வைன் செய்கிற அந்தப் பழைய வீட்டுக்காரருக்கு நானே போன் எடுத்துக் கதைத்துவிட்டேன். செவ்வாய் காலை பத்து மணிக்கு, இரண்டு பேருக்கு. கணக்கை மாற்றுவதென்றால் இரண்டு நாளுக்கு முன் அறிவிக்க வேண்டுமாம். அதற்கிடையில் எனக்கு ஒரு தடவை எடு. எடுக்காவிட்டால் இரண்டு என்றே விட்டுவிடுவேன்.

அம்மா