குரங்குகளோடு நின்றுவிட்ட கட்டுரை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வாசக்டமி (விந்து நாளத்தை அடைக்கும் ஆண் கருத்தடை அறுவை) செய்யப்பட்ட குரங்குகளின் இரத்தக் குழாய்களில் கொழுப்புப் படிவு மிகுந்தது என்ற ஆய்வைச் சொல்லி, தங்கள் இதழின் அறிவியல் கட்டுரை அத்துடன் முடிந்துவிட்டது. அந்த ஆய்வு நடந்தது உண்மைதான். ஆனால், அதன் பிறகு நடந்தவற்றை விட்டுவிட்டது சரியல்ல.

விந்தணுக்கள் பருவ வயதில்தான் உருவாகத் தொடங்குகின்றன. தன் உடலுக்குரியது எது, அந்நியம் எது என்று நோய் எதிர்ப்பு மண்டலம் பழகும் காலம் அதற்கு வெகு முன்பே கடந்துவிடுவதால், விந்தணுவிலுள்ள சில புரதங்களை அது அந்நியமாகவே எடுத்துக்கொள்ளக்கூடும். விந்தகத்தில், வளரும் விந்தணுக்களைப் பேணும் செர்டோலி செல்கள் நெருங்கி இணைந்து அமைக்கும் தடுப்பே விந்தணுக்களையும் நோய் எதிர்ப்பு மண்டலத்தையும் பிரித்து வைக்கிறது. விந்து நாளத்தை அடைத்த பின்பும் உற்பத்தி நிற்பதில்லை. வெளியேற வழியற்ற விந்தணுக்களைப் பெருவிழுங்கு செல்கள் விழுங்குகின்றன. கசிந்த இடத்தில் சிறு முடிச்சு போன்ற அழற்சி தோன்றலாம். பல ஆண்களின் இரத்தத்திலும் விந்தணுவுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் (ஆன்டிபாடிகள்) காணப்படுகின்றன. இதன் கடுமை விலங்குக்கு விலங்கு வேறுபடும். 1976இல் வெளியான ஆய்வில், முயல்கள் சிலவற்றின் விந்தகத்திலேயே எதிர்ப்பொருளும் விந்தணுப் புரதமும் சேர்ந்து படிந்து அழற்சியை உண்டாக்கியிருந்தன.

இத்தகைய படிவு இரத்தக் குழாய்ச் சுவரையும் தாக்குமோ என்ற ஐயம் நியாயமானதே. ஆய்வாளர்கள் நான்சி அலெக்சாண்டரும் தாமஸ் கிளார்க்சனும் 1978இல் வெளியிட்ட ஆய்வில், கொலஸ்ட்ரால் மிகுந்த உணவு கொடுக்கப்பட்ட நீள்வால் மக்காக் குரங்குகளில், வாசக்டமி செய்யப்பட்டவற்றுக்குப் பாதிப்பு கூடுதலாகத் தெரிந்தது. 1980இல் ரீசஸ் குரங்குகளிலும் அவ்வாறே கண்டனர். எனினும் 1984இல் அமெரிக்காவில் வாசக்டமி செய்துகொண்ட பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களை, செய்துகொள்ளாதவர்களோடு ஒப்பிட்ட பெரிய ஆய்வில் இதய நோய் கூடியதாகத் தெரியவில்லை. அதைவிட முக்கியமானது, முதல் ஆய்வைச் செய்த அவ்விருவருமே 1988இல் மற்றொருவருடன் சேர்ந்து, அதே நீள்வால் மக்காக் இனக் குரங்குகளில் வாசக்டமியால் எந்த விளைவும் இல்லை என்று அறிவித்ததாகும். தங்கள் முந்தைய முடிவுக்கு மாறானதைத் தாங்களே வெளியிடும் நேர்மை எல்லா ஆய்வாளருக்கும் வாய்ப்பதில்லை.

2011இல் வெளியான சுண்டெலி ஆய்வு இன்னும் நுட்பமானது. நோய் எதிர்ப்பைக் கட்டுப்படுத்தும் டி செல்களை நீக்கியபோது, வாசக்டமி செய்யப்பட்ட எலிகளின் விந்தகத்தில் தன்னெதிர்ப்பு அழற்சி மூண்டது. அதாவது, விந்தணுக்களை உடல் பொறுத்துக்கொள்வது தடுப்புச் சுவரால் மட்டுமல்ல, இச்செல்களின் ஓயாத கண்காணிப்பாலும்தான்.

தேசிய குடும்ப நல ஆய்வின்படி (2019–21) இந்தியாவில் மணமான இணையரில் பெண் கருத்தடை அறுவையை நாடியோர் 37.9 சதவீதம், ஆண் கருத்தடை அறுவையை நாடியோர் 0.3 சதவீதம். இந்நிலையில், ஏற்கெனவே தயங்கும் ஆண்களுக்குப் பாதிச் செய்தி ஒரு சாக்காகிவிடும். 1984, 1988 ஆய்வுகளின் முடிவுகளையும் அதே பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
தஞ்சாவூர்.