மெஸ்ஸி போட்டோவுக்குப் பக்கத்துல பஸ்கெட்ஸுக்கும் கொஞ்சம் இடம் கொடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2025 டிசம்பர் 6ஆம் தேதி அமெரிக்காவுல எம்எல்எஸ்னு சொல்ற அவங்க ஃபுட்பால் லீக்கோட கப் ஃபைனல் நடந்துச்சு, இன்டர் மயாமி 3-1னு வான்கூவர் டீம ஜெயிச்சு முதல் தடவையா அந்தக் கப்ப தூக்குனாங்க, உங்க பேப்பர்லயும் நியூஸ் வந்துச்சு, மெஸ்ஸி போட்டோ பெருசா போட்டிருந்தீங்க, பாக்க சந்தோஷமா இருந்துச்சு. ஆனா அதே மயாமி டீமோட மிட்ஃபீல்டர் செர்ஜியோ பஸ்கெட்ஸுக்கு அதுதான் கடைசி மேட்ச். அதப் பத்தி கடைசி பாராவுல ஒரே ஒரு வரி, ஓய்வு பெற்றார்னு, அவ்வளவுதான். 2008லேர்ந்து அத்தனை வருஷம் உலக ஃபுட்பாலோட நட்டநடுவுல நின்னு ஆடுன ஒருத்தருக்கு இது ரொம்பக் கம்மி சார். அதச் சொல்லத்தான் எழுதுறேன்.

ஏன் ஒரு வரியோட முடிஞ்சுதுன்னு புரியுது. பார்சிலோனாவுக்கு 722 மேட்ச், 18 கோல். ஸ்பெயினுக்கு 143 மேட்ச், 2 கோல். கோல் போட்டது யாரு, அசிஸ்ட் யாருன்னு மட்டும் வெச்சு ரிப்போர்ட் எழுதுனா இவர் பேரு எங்கேர்ந்து வரும்? ஆனா பார்சிலோனாவோட 9 லா லிகா (ஸ்பெயின் லீக்), 3 சாம்பியன்ஸ் லீக் (ஐரோப்பிய கிளப் கப்), 7 கோபா டெல் ரே (ஸ்பெயின் கப்), ஸ்பெயினோட 2010 உலகக் கோப்பை, 2012 யூரோ, இது அத்தனையும் இவர் நடுவுல நின்னப்போ வந்ததுதான்.

பார்சிலோனா பக்கத்துல பாடியா தெல் வாயேஸ்னு உழைக்கிற ஜனங்க நெறஞ்ச ஒரு சின்ன ஊர், வளந்தது அங்கதான். அப்பா கார்லஸ் பஸ்கெட்ஸும் பார்சிலோனா கோல்கீப்பர், க்ரைஃப் கோச்சா இருந்த காலத்து டீம்ல இருந்தவரு, கீப்பரா இருந்தும் கால்ல பந்த ஆடுறவருன்னு அப்பவே பேரு. அப்பா பேரச் சொல்லி பையனுக்கு இடம் கிடைச்சிடல. 2007-08ல பார்சிலோனா பி டீம் நாலாவது டிவிஷன்ல கிடந்துச்சு, கார்டியோலா கோச்சா வேலைய ஆரம்பிச்சதே அந்த பி டீம்லதான், அங்கதான் இந்த ஒல்லிப் பையன அவரு நடுவுல நிறுத்துனாரு. அடுத்த சீசன் கார்டியோலா மெயின் டீமுக்கு வந்தாரு, முதல் லீக் மேட்ச்லயே நுமான்சியான்னு ஒரு குட்டி டீம்கிட்ட 0-1 தோல்வி. ஊரே திட்டிட்டு இருக்கு, அந்த நேரத்துல எந்தக் கோச்சா இருந்தாலும் அனுபவசாலிங்களத்தான் இறக்குவாங்க, இவரு என்ன பண்ணாருன்னா 2008 செப்டம்பர் 13ஆம் தேதி ராசிங் சாந்தாந்தர் மேட்ச்ல பஸ்கெட்ஸையும் பெத்ரோவையும் முதல் பதினொண்ணுல இறக்குனாரு. அந்த மேட்ச்சும் 1-1 டிரா. ரெண்டு மேட்ச், ஒரே ஒரு பாயின்ட். ஆனாலும் பையன வெளிய தள்ளல. 2009 மே மாசம் ரோம்ல மான்செஸ்டர் யுனைட்டெட்ட 2-0ன்னு ஜெயிச்ச சாம்பியன்ஸ் லீக் ஃபைனல்ல மிட்ஃபீல்ட்ல நின்னது பஸ்கெட்ஸ், அந்த எடத்துக்குச் சொந்தக்காரரா இருந்த யாயா தூரே அன்னைக்கு டிஃபென்ஸ்ல ஆடுனாரு, 2010ல அவரு மான்செஸ்டர் சிட்டிக்கே போயிட்டாரு. ஒரு வருஷம் முன்னாடி வரைக்கும் நாலாவது டிவிஷன்ல ஆடிட்டிருந்த பையன்னு நெனச்சுப் பாருங்க.

இனிமே சொல்றதத்தான் உங்க ஸ்போர்ட்ஸ் பக்கத்துல நான் படிக்க ஆசப்படுறேன். இந்த ஆளு வேகமா ஓட மாட்டாரு, உயரமா இருப்பாரு ஆனா மோதித் தள்ற உடம்பும் கிடையாது, தூரத்துலேர்ந்து ஷாட் அடிக்கிறவரும் இல்ல. அப்புறம் என்னதான் பண்ணாரு? பந்து கால்ல வர்றதுக்கு முன்னாடியே தலைய அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பி யாரு எங்க நிக்கிறான்னு பாத்து வெச்சுக்குவாரு. பந்து வந்ததும் உடனே கொடுக்க மாட்டாரு, எதிர் டீம்காரன் ரெண்டு பேரு பிடுங்க வர்ற வரைக்கும் நிப்பாரு, நமக்கு நெஞ்சு அடிச்சுக்கும், அவங்க கிட்ட வந்த அந்த செகண்ட்ல சின்னதா ஒரு டச், ஒரு பாஸ், அவ்வளவுதான், வந்த ரெண்டு பேரும் ஆட்டத்துலயே இல்ல, அவங்க விட்டுட்டு வந்த எடத்துல சாவியோ இனியஸ்டாவோ மெஸ்ஸியோ ஃப்ரீயா நிப்பாங்க. வலது பக்க டிஃபென்டர் டானி ஆல்வெஸ் மேல ஏறிப் போனா இவரு பின்னாடி வந்து நடு டிஃபென்டருங்க பிக்கேவுக்கும் புயோலுக்கும் நடுவுல நின்னுக்குவாரு. பந்து பறிபோச்சுன்னா எதிரி போடப் போற முதல் பாஸ் எங்க போகுமோ அங்க ஏற்கனவே நிப்பாரு, அதனாலதான் ஓடவேண்டிய அவசியமே அவருக்கு வரல. கல்யாண வீட்ல பந்தி நிக்காம நடந்தா சமையல்கட்டுல நின்னவர யாரு கேக்குறா, அது மாதிரிதான் இவரோட வேலையும்.

நேரம் கிடைச்சா பார்சிலோனா ஆடுன 2011 சாம்பியன்ஸ் லீக் வெம்ப்ளி ஃபைனல எடுத்து பந்த விட்டுட்டு இவர மட்டும் பத்து நிமிஷம் பாருங்க. அதே மேட்ச்ல மூணாவது கோல் டேவிட் வியா அடிச்சாரு, மெஸ்ஸி ஆள வெட்டிட்டு உள்ள போனது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், சிதறி வந்த பந்த நிதானமா வியா கால்ல வெச்சது பஸ்கெட்ஸ்.

2010 உலகக் கோப்பைல ஸ்பெயின் முதல் மேட்ச்சே சுவிட்சர்லாந்துகிட்ட 0-1 தோத்துச்சு, அதே எடத்துல ஆடுற ஷாபி அலோன்சோ இருக்கும்போது இவரும் எதுக்குன்னு ஸ்பெயின் பத்திரிகைகள்லயே கேட்டாங்க. கோச் தெல் போஸ்கே அசரல, நான் திரும்ப ஆட முடிஞ்சா பஸ்கெட்ஸ் மாதிரி ஆடத்தான் ஆசப்படுவேன்னு வெளிப்படையா சொன்னாரு. ஏழு மேட்ச்லயும் இவரு ஆடுனாரு, ஏழு மேட்ச்லயும் சேத்து ஸ்பெயின் வாங்குனது ரெண்டே ரெண்டு கோல். ஃபைனல்ல 116ஆவது நிமிஷம் இனியஸ்டா அடிச்ச கோல் மட்டும்தான் நம்ம எல்லாருக்கும் தெரியும்.

பிடிச்சவருங்கறதுக்காக எல்லாத்தையும் நான் மூடி மறைக்கல. 2010 சாம்பியன்ஸ் லீக் செமிஃபைனல்ல இன்டர் மிலான் தியாகோ மோத்தா கை பட்டதுக்கு மூஞ்சப் பொத்திட்டு விழுந்து, விரல் இடுக்குல எட்டிப் பாத்தாரே, மோத்தாவுக்கு ரெட் கார்டு, அது அசிங்கம்தான், இன்னைக்கும் எனக்குப் பிடிக்காது. அப்புறம் வயசாக வயசாக பக்கத்துல இருந்த சாவியும் இனியஸ்டாவும் போனதுக்கப்புறம் நடுவுல பெரிய ஓட்டை விழுந்துச்சு, 2019ல லிவர்பூல்கிட்ட 4-0, 2020ல பயெர்ன்கிட்ட 8-2, ரெண்டுலயும் இவரு இருந்தாரு, ரெண்டு தடவையும் பஸ்கெட்ஸ் ஸ்லோ ஆயிட்டாருன்னு பழிய இவர் மேல போட்டாங்க. என்னக் கேட்டா அதுல பாதிதான் உண்மை, முன்னாடி நிக்கிறவங்க எதிரிய நெருக்கி பிரஸ் பண்ணலன்னா பின்னாடி ஒத்தை ஆளு நாற்பது மீட்டர் எடத்த எப்படிக் காப்பாத்துவாரு?

2021ல நடந்த யூரோ 2020க்கு முன்னாடி கோவிட் வந்து முதல் ரெண்டு மேட்ச் ஆட முடியல, திரும்பி வந்து ஸ்லோவாக்கியாவ 5-0ன்னு ஜெயிச்ச அன்னைக்கு அவருக்குத்தான் ஆட்ட நாயகன் விருது, கண்ணு கலங்கிடுச்சு அவருக்கு. அந்த வருஷமே ஐரோப்பிய நாடுங்க ஆடுற நேஷன்ஸ் லீக் ஃபைனல்ஸ்ல சிறந்த வீரரும் இவர்தான். 2022ல மொராக்கோவுக்கு எதிரா பெனால்டிய விட்டுட்டு ஸ்பெயின் சட்டைய கழட்டுனாரு. ஆனா பார்சிலோனாவ அப்படி விட்டுட்டுப் போகல, 2022-23ல கேப்டனா லா லிகா ஜெயிச்சுக் கொடுத்துட்டுத்தான் மயாமிக்குப் போனாரு, அந்த சீசன் பூரா லீக்ல பார்சிலோனா வாங்குனது வெறும் 20 கோல். வயசாயிட்டாருன்னு சொன்னவங்க அந்த 20ஐ பாக்கணும்.

இந்தப் பொசிஷன்ல இருக்குறவங்களுக்கு எப்பவுமே இதே கதைதான். 2003ல ரியல் மாட்ரிட் பெக்காம வாங்கிட்டு இதே எடத்துல ஆடுன மகெலெலேவ செல்சீக்கு வித்தாங்க, அதுக்கப்புறம் 2007 வரைக்கும் லீக்கே ஜெயிக்கல. பஸ்கெட்ஸுக்கு உலகத்தோட சிறந்த வீரருக்குக் கொடுக்கற பாலன் டோர் விருதுல டாப் மூணுல கூட ஒரு தடவையும் இடம் கொடுக்கல. கடைசியா 2024ல ஸ்பெயின்ல அவர் எடத்துக்கு வந்த ரோத்ரிக்குத்தான் அது கிடைச்சுது, ரோத்ரியும் மேடைலயே சாவி, இனியஸ்டா, கசியாஸ், பஸ்கெட்ஸ் பேரச் சொல்லி இது அவங்களுக்கும் சேத்துன்னு சொன்னாரு.

2026 ஜூன் மாச உலகக் கோப்பைக்கு உங்க பேப்பர் கண்டிப்பா ஸ்பெஷல் பக்கம் போடும்னு தெரியும். அதுல ஒரு நாளாவது, ஒரு அரைப் பக்கமாவது இந்த நடு எடத்துல ஆடுறவங்களப் பத்தி எழுதுங்க. தினமும் மேட்ச் ரிப்போர்ட்ல கோல் எப்படி விழுந்துச்சுன்னு எழுதும்போது அந்தப் பந்து முதல்ல யாரு கால்லேர்ந்து கிளம்புச்சுன்னும் ஒரு வரி சேத்துக்குங்க. எழுதுற ஆளுக்கு விவரம் தேவைப்பட்டா பழைய மேட்ச் லிஸ்ட்டே நான் எழுதி அனுப்புறேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகர்,
மதுரை.