நீல அட்டை நோட்டு

திருத்துறைப்பூண்டி
தை 12

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். வாட்ஸ்அப் இருக்கும்போது எதற்குக் காகிதம் என்று கேட்பாய். 31 வருஷம் தபால் ஆபீஸில் உட்கார்ந்தவளுக்கு, முக்கியமான சங்கதியைக் கடிதத்தில் சொன்னால்தான் சொன்ன மாதிரி இருக்கிறது. அதுவும் இதைப் போனில் சொன்னால் நீ நடுவில் கத்துவாய். கடிதம் என்றால் நான் முடிக்கிற வரைக்கும் நீ வாயைத் திறக்க முடியாது.

போன ஞாயிற்றுக்கிழமை கோடியக்கரைக்குப் போனேன். அமாவாசைக்கு இல்லை. பறவை பார்க்க.

சிரித்தது போதும். வருஷத்துக்கு இரண்டு தடவை, ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும், அங்கே முழுக்குப் போடப் போவோமே, அத்தனை தடவையில் ஒரு தடவைகூட நான் தலையைத் தூக்கிப் பார்த்ததில்லை. கூட்டம் நெரியும், துணி மாற்ற மறைவு கிடைக்காது, ஈரப் புடவையோடு பஸ்ஸுக்கு ஓட வேண்டும். நீ எங்கேயாவது ஒரு பக்கம் வாயைப் பிளந்துகொண்டு நிற்பாய். காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. உனக்கும் இருக்கும்.

போகிக்குப் பரணை ஒழித்தபோது உன் பைனாகுலர் கிடைத்தது. அதுதான் ஆரம்பம். மார்கழியில் நீ அங்கே டப்ளினில் புல் ஐலண்டில் எடுத்ததாக ஒரு பறவைப் படம் அனுப்பினாயே, அதுவும் மனதில் இருந்தது. (புல் முளைத்த தீவு என்றே நினைத்திருந்தேன். அது காளை மாடாம், மாமா சொல்லித்தான் தெரியும்.) மாமாவிடம் கேட்டேன். உன் மாமாதான் எதற்கும் மறுப்புச் சொல்லாதவன் ஆயிற்றே. 2023-இல் அகஸ்தியம்பள்ளி வரைக்கும் ரயில் மறுபடி விட்டதிலிருந்து அவனுக்கு ரயிலில் போக ஆசை. விடியும்போது அங்கே நிற்க வேண்டும் என்றதால் கார் பிடித்தோம். வேதாரண்யம் தாண்டியதும் இருட்டில் உப்புக் குவியல்கள் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தன. 1930-இல் உப்பு அள்ளிய இடத்து நினைவுத் தூண் பக்கம் வந்ததும் மாமா காரில் இருந்தபடியே ராஜாஜிக்கு ஒரு கும்பிடு போட்டான்.

அங்கே ஒரு பறவைக்காரரை மாமா சொல்லி வைத்திருந்தான். ஊர்க்காரர்தான். இளவயதில், பறவைக்கு வளையம் போட வந்த பம்பாய்க்காரர்களுக்கு வலை கட்டப் போய் அப்படியே ஒட்டிக்கொண்டவர். பறவை அறிஞர் சலீம் அலி காலத்து வேலை அது. ராத்திரியில் வலையில் விழுந்ததை எடுத்து, எடை போட்டு, காலில் வளையம் மாட்டிப் பறக்க விடுவார்களாம். வளையத்தில் ஒரு நம்பர், யாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று முகவரி. கேட்டதும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. ரிஜிஸ்டர் தபால்தானே இது! கொசு உள்ளான் என்று ஒன்று, எடை இருபது முப்பது கிராம்தான். சாதாரணத் தபாலின் முதல் படியே இருபது கிராம். சைபீரியாவின் வடகோடியிலிருந்து அது ஸ்டாம்பு இல்லாமல் வந்து சேர்கிறது.

மாமா வெள்ளை வேஷ்டியில் வந்திருந்தான். பறவைக்காரர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சார் கொஞ்சம் பின்னாடியே வாங்க" என்றார். வெள்ளையைக் கண்டால் பறவை மிரளுமாம். அன்று முழுக்க எங்களுக்கு ஐம்பதடி பின்னால்தான் நடந்து வந்தான் பாவம்.

காட்டு வழியில் வெளிமான் கூட்டம் ஒன்று. முறுக்குக் கொம்போடு ஒரு கிடா எங்களை முறைத்துவிட்டுப் போனது. புதருக்குள் ஆறுமணிக்குருவி ஒரு தடவை கூப்பிட்டது. மணி ஆறு பத்து. லேட் என்று மாமா பின்னாலிருந்தே சொன்னான். அப்புறம் காடு முடிந்து சதுப்பு வந்தது. தம்பி, அங்கே வானம் எவ்வளவு பெரியது என்று நீ ஏன் எனக்குச் சொல்லவில்லை? சொல்லியிருப்பாய், நான்தான் அடுப்படியில் இருந்திருப்பேன்.

கணுக்கால் அளவுத் தண்ணீர், கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு. ஐப்பசி, கார்த்திகை மழையில் ரொம்பியதுதான் இவ்வளவும், வெயில் ஏற ஏற வற்றி, கோடையில் வெடித்துக் கிடக்கும் என்றார். தண்ணீர் குறைந்துகொண்டு வருகிற இந்த நாளில்தான் சேற்றில் இருக்கிற புழுபூச்சி உள்ளான்களுக்கு எட்டுமாம். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மூக்கு நீளம், ஒவ்வொரு கால் உயரம். குட்டைக்கால் ஓரத்தில், நெட்டைக்கால் நடுவில். கல்யாணப் பந்தியில்கூட இவ்வளவு ஒழுங்காக யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

பூநாரை தூரத்தில் ரோஸ் கலர்க் கோடு மாதிரி இருந்தது. அவரிடம் இருந்த டெலஸ்கோப்பில் பார்த்தேன். மூக்கு நடுவில் மடங்கி இருக்கிறதே, அது ஏதோ பிறவிக் கோளாறு என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். தலையைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தண்ணீருக்குள் விட்டதும் அந்த மடங்கல் சரியாகப் பொருந்துகிறது. அப்படியே சல்லடை போட்டுச் சலிக்கிறது. ஒன்று மட்டும் நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றிக் காலால் சேற்றை மிதித்தது, பானைக்கு மண் மிதிக்கிற மாதிரி. மிதித்துக் கலக்கிவிட்டு, கலங்கின தண்ணீரில் மூக்கை விட்டது. சாம்பல் நிறத்தில் நின்றவை இன்னும் முழுசாக வளராத இளசுகளாம். ரோஸ் கலர் பிறவியில் வருவதில்லை, சாப்பாட்டில் ஏறுகிறது. பாசியும் சின்னஞ்சிறு இறாலும் தின்னத் தின்னத்தான் சிவக்குமாம்.

சிவப்புக் காலோடு ஒன்று எங்களுக்குப் பக்கத்திலேயே மேய்ந்தது. பார்த்ததும் தெரிந்துவிட்டது, நீ அனுப்பிய படத்தில் இருந்த அதே பறவை. "பவளக்காலி" என்று நான் சொன்னதும் பறவைக்காரர் திரும்பிப் பார்த்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. மாமா பின்னாலிருந்து, "தம்பி அங்கேருந்து அனுப்பி வைச்சிருக்கான்கா" என்றான். நானும் அப்படித்தான் உருகப் பார்த்தேன். அதற்குள் பறவைக்காரர், அயர்லாந்துக்கு வருவது ஐஸ்லாந்துப் பக்கத்துப் பவளக்காலி, இங்கே வருவது இமயமலைப் பக்கத்தது, இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிட்டார். சரி, அதுவும் நல்லதுதான். நீ பறவை மாதிரி பறந்து போய்விட்டாய் என்றெல்லாம் நான் எழுதப் போவதில்லை. பறவை வருஷா வருஷம் வருகிறது.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது.

அவர் கணக்கெடுக்கச் சொல்லிக் கொடுத்தார். கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ணக் கூடாது. பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் அடைக்கிறது என்று கண்ணில் பிடித்துக்கொண்டு, அந்த அளவை அப்படியே நகர்த்திக்கொண்டே போக வேண்டும். எனக்கு இது புதிதா? கடிதக் கட்டைக் கையில் எடுத்ததும் எத்தனை தபால் என்று சொன்னவள் நான். ஊசிவால் வாத்துக் கூட்டத்தைப் பார்த்து முந்நூற்று எண்பது என்றேன். அவர் நானூறு என்றார். பரவாயில்லையே என்று சிரித்துக்கொண்டே சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதினார். எட்டிப் பார்த்தேன்.

ஊ.வா. 400. கொ.உ. 250. பூ.நா. 900.

அடிவயிற்றில் பிசைந்தது. உன் நீல அட்டை நோட்டு, தம்பி. அதுவும் இப்படித்தான் இருந்தது.

கஜா புயலில் நனைந்து கூழாகிவிட்டது என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா? 2018 நவம்பர் 15-ஆம் தேதி நள்ளிரவு தாண்டிக் கொல்லைப்புறத்து ஓடு பறந்தது நிஜம். உன் டிரங்குப் பெட்டி நனைந்தது நிஜம். நோட்டு அந்தப் பெட்டியில் இல்லை. அதே வருஷம் போகிக்கு வீடு ஒழித்தபோதே அதைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டேன். உன் பிளஸ் டூ கைடுகளோடு சேர்த்து. டப்ளினுக்குக் கிளம்பும்போது பெட்டியைக் கவிழ்த்துக்கொட்டித் தேடினாயே, நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வாய் வரவில்லை. புயல் மேல் பழியைப் போட்டேன். ஊரே அந்தப் புயலில் தென்னையும் மாவும் போய் நின்றது, யார் சந்தேகப்படுவார்கள்?

போடுவதற்கு முன்னால் திறந்து பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ப.கா. 42 என்று ஒரு வரி, கொ.உ. 300 என்று ஒரு வரி, தேதி வாரியாக. யாரோ ப.கா. என்பவரிடம் நீ காலேஜ் நாளில் கைமாற்று வாங்கியிருக்கிறாய் என்று நினைத்தேன். வேலைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது, கடன் அடைந்திருக்கும், இனி இந்தக் கணக்கு எதற்கு என்று தூக்கிப் போட்டேன். அதில் இருந்தது எத்தனை ஞாயிற்றுக்கிழமை என்று இப்போது தெரிகிறது. குருவி பார்க்கிறது ஒரு பிழைப்பா என்று நான் திட்டியதும் அந்த ஞாயிற்றுக்கிழமைகளில்தான்.

பறவைக்காரரிடம் இதைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அந்த வருஷம் எல்லாம் பூநாரை நிறைய வந்த வருஷம்மா" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

உன் கோபம் எனக்குத் தெரியும். இரண்டு நாள் போன் பண்ண மாட்டாய். மூன்றாம் நாள் பண்ணு.

கடைத்தெருவில் ஒரு நோட்டு வாங்கியிருக்கிறேன். நீலம் கிடைக்கவில்லை, பச்சைதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கணக்கை அதில் எழுதியாகிவிட்டது. ஊசிவால் வாத்தை முந்நூற்று எண்பது என்றே எழுதினேன், என் எண்ணிக்கை எனக்கு. கூழைக்கடா ஏழு, கரண்டிவாயன் பதினெட்டு. மாசி பிறந்து தண்ணீர் வற்றுவதற்குள் இன்னும் இரண்டு தடவை போகலாம் என்று மாமா சொல்கிறான். காக்கி பேண்ட் தைக்கக் கொடுத்திருக்கிறான். என் முட்டிக்காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. பைனாகுலரில் மட்டும் இடது கண்ணாடிக்குள் பூசணம் பிடித்திருக்கிறது, ஒற்றைக் கண்ணால்தான் பார்த்தேன். எங்கே கொடுத்துத் துடைப்பது என்று சொல்.

இன்னொரு சந்தேகம். பவளக்காலி மாதிரியே பச்சைக்காலி என்று ஒன்று இருக்கிறதாமே. குழப்பம் வராமல் இருக்க அவர் பவ., பச். என்று பிரித்து எழுதுகிறார். நீ வெறும் ப.கா. என்றுதான் எழுதியிருந்தாய், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்த 42 எது?

இப்படிக்கு,
அம்மா