180-ல் வைத்தால் 215 காட்டும் ஓடிஜி: மாற்றித் தரக் கோரிக்கை

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: 30 லிட்டர் ஓடிஜியின் (மின்சார ஓவன்) தெர்மோஸ்டாட் (சூட்டைக் கட்டுப்படுத்தும் பாகம்) கோளாறு, "பழுது இல்லை" என்று மூடப்பட்ட என் புகார்.

ஐயா,

பொங்கலுக்கு முந்தைய வாரம் உங்கள் ஓடிஜியை 8,490 ரூபாய்க்கு வாங்கினேன். இரண்டு வருட வாரண்டி. பிரெட் டோஸ்ட், பனீர் டிக்கா என்று சில வாரம் ஓடியது, குறை தெரியவில்லை. சாக்லேட் சிப் குக்கீஸ் போட்ட அன்றுதான் சாயம் வெளுத்தது.

என் கணக்கு இது: 250 கிராம் மைதா, 170 கிராம் வெண்ணெய், வெள்ளைச் சர்க்கரையும் நாட்டுச் சர்க்கரையும் தலா 100 கிராம், ஒரு முட்டை, அரை டீஸ்பூன் பேக்கிங் சோடா, 150 கிராம் சாக்லேட் சிப்ஸ். பிசைந்த மாவு ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் இருக்கும். 180 டிகிரியில் 12 நிமிடம். பழைய சின்ன ஓடிஜியில் ஆறு வருடமாக இதையேதான் செய்கிறேன். ஓரம் மொறுமொறுவென்றும் நடு மெத்தென்றும் வரும்.

உங்கள் ஓடிஜியில் எட்டாவது நிமிடமே கருகல் வாசனை. எடுத்துத் திருப்பினால் அடி கன்னங்கரேல். நடுவில் விரலை வைத்தால் பச்சை மாவு ஒட்டுகிறது. சிப்ஸ் தீய்ந்து கசப்பு. ட்ரேயை மேல் தட்டுக்கு மாற்றிப் பார்த்தேன், பட்டர் பேப்பரை இரண்டாக மடித்துப் போட்டுப் பார்த்தேன். மூன்று தடவையும் குப்பைத் தொட்டிக்குத்தான் போனது. வெண்ணெய் மட்டும் அரைக் கிலோ. வெண்ணெய் விலை உங்களுக்கும் தெரியும்.

புகார் செய்ததும் ஒரு டெக்னீஷியன் வந்தார். ஸ்விட்சைப் போட்டார், மேல் ராடும் கீழ் ராடும் சிவந்தன. "மெஷின் நல்லா இருக்கு மேடம், மாவுலதான் ஏதோ தப்பு" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். ராடு சிவப்பதை நானும்தான் பார்க்கிறேன். எத்தனை டிகிரியில் நிற்கிறது என்பதுதானே கேள்வி?

சரி, நாமே பார்ப்போம் என்று ஓவனுக்குள் வைக்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கினேன். குமிழை 180-ல் வைத்து அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் 215. மறுநாளும் 215. தெர்மோஸ்டாட் அணைந்து எரியும்போது பத்துப் பதினைந்து டிகிரி ஏறி இறங்குவது சகஜம், அதை நான் குறை சொல்லவில்லை. இது 35 டிகிரி, அதுவும் இறங்கவே இல்லை.

உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தால், "வெளியில் வாங்கிய தெர்மாமீட்டரை நாங்கள் ஏற்க முடியாது" என்றார்கள். அப்புறம்தான் சர்க்கரையை எடுத்தேன். சர்க்கரை சுமார் 186 டிகிரியில் உருகும். ஃபாயிலில் சின்னக் கிண்ணம் செய்து, ஒரு ஸ்பூன் வெள்ளைச் சர்க்கரை போட்டு, குமிழை 175-ல் வைத்துச் சூடாக்கிய ஓவனில் 15 நிமிடம் விட்டேன். குமிழ் சரியாக இருந்தால் சர்க்கரை சர்க்கரையாகவே இருந்திருக்கும். வெளியே வந்தது பழுப்புப் பாகு. கிண்ணத்தைச் சாய்த்தால் வழிகிறது. சர்க்கரையையும் வெளியில்தான் வாங்கினேன், அதற்கு என்ன சொல்வீர்களோ தெரியவில்லை.

குமிழை 145-ல் வைத்துச் சமாளிக்கலாமே என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். சமாளிக்கலாம்தான். ஆனால் 8,490 ரூபாய் கொடுத்த பொருளுக்கு மனக்கணக்குப் போட்டுச் சமைக்க எனக்கு இஷ்டமில்லை.

தெர்மோஸ்டாட்டை இலவசமாக மாற்றி, என் முன்னிலையில் அளந்து காட்டுங்கள். முடியாவிட்டால் வேறு ஓடிஜி கொடுங்கள், அல்லது பணத்தைத் திருப்புங்கள். "பழுது இல்லை" என்று எழுதியதையும் திருத்த வேண்டும். 15 நாளில் பதில் வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்.

டெக்னீஷியனை அனுப்பினால் அளக்கும் கருவியோடு அனுப்புங்கள். காலை பத்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
திருச்சி

இணைப்பு: பில் நகல், வாரண்டி அட்டை, தெர்மாமீட்டர் படங்கள் இரண்டு, சர்க்கரைப் பாகின் படம், கருகிய குக்கீஸின் அடிப்பக்கப் படம்.