வெங்காயத்தின் புள்ளி எங்கே? சி++ தரக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

சி++ என்ற நிரல் மொழியின் தரத்தை (எல்லோரும் பின்பற்றும் விதிகளை) வகுக்கும் குழுவினருக்கு,

வணக்கம். கடைகளுக்கு நாங்கள் செய்து தரும் பில் மெஷினில் இனிப் பொருட்களின் பெயர் தமிழில் வராது, ஆங்கிலம் மட்டும்தான் என்று சென்ற வாரம் எங்கள் அலுவலகத்தில் முடிவெடுத்துவிட்டார்கள். பெங்களூரில் சி++இல் எழுதும் அந்த நிரல் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்து மளிகைக் கடைகளில் ஓடுகிறது. வினை வந்தது வெங்காயத்தால்.

58 மி.மீ. காகிதத்தில் ஒரு வரிக்கு 32 இடம். பெயருக்கு 24, விலைக்கு 8. பழைய நிரல் பெயரை 24 பைட்டில் (பைட் என்பது கணினி நினைவகத்தின் அளவு) வெட்டுகிறது. ஆங்கிலத்துக்கு அது 24 எழுத்து. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் (கொம்பு, கால், புள்ளிகூடத் தனிக் குறியீடுதான்) 3 பைட் ஆவதால், எட்டாவது குறியீட்டோடு பெயர் நின்றுவிடும். ‘வெங்காயம்’ நமக்கு ஐந்தே எழுத்து. கணினிக்கு 9 குறியீடு, 27 பைட். பில்லில் ‘வெங்காயம’ என்று வந்தது. கொத்தமல்லி ‘கொத்தமல்’ ஆனது, நல்லெண்ணெய் ‘நல்லெண்ண’ ஆனது. கடைக்காரர்கள் சத்தம் போட்டார்கள். நிர்வாகம் தமிழையே தூக்கிவிட்டது.

சரியாக வெட்ட வழி இல்லையா என்றால், இருக்கிறது. அதுதான் எங்கள் ஆற்றாமை. சி++20 பதிப்பில் நீங்கள் தந்த, சொற்களை வடிவமைக்கும் ஃபார்மேட் வசதியில் இரண்டு இடத்துக்குள் ‘தமிழ்’ என்ற சொல்லைச் சுருக்கச் சொன்னால் ‘தமி’ என்று ஒழுங்காக நிறுத்துகிறது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் தரம் யுனிகோட். எழுத்து எங்கே முடிகிறது என்பதற்கான அதன் அட்டவணை, சி++ நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர்களான ஜிசிசி, கிளாங், மைக்ரோசாஃப்ட் மூன்றின் நூலகங்களுக்குள்ளும் (ஆயத்த நிரல் தொகுப்புகளுக்குள்ளும்) ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் ஒரு சரத்தை (எழுத்துத் தொடரை) எழுத்து எழுத்தாக எண்ணவோ நடந்து பார்க்கவோ நிரலாளருக்குத் தரத்தில் ஒரு வாசல்கூட இல்லை. உள்ளே வைத்திருப்பதை வெளியே தாருங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

யுனிகோடுக்கென்று ஐசியூ என்ற நூலகம் இருக்கிறதே என்பீர்கள். சின்னஞ்சிறு பில் மெஷினுக்குள் அவ்வளவு பெரிய நூலகத்தை ஏற்ற எங்கே இடம்? அதனால் ஒவ்வொரு நிறுவனமும் ஒரு வெட்டும் நிரலைத் தானே எழுதி, தன் பங்குக்கு ஒரு புள்ளியைத் தொலைக்கிறது. 2014இல் வெளிவந்த ஸ்விஃப்ட் என்ற நிரல் மொழியில் ‘தமிழ்’ என்பதன் நீளத்தைக் கேட்டால் 3 என்கிறது. சி++ இன்னும் 15 என்கிறது. தமிழ் யுனிகோடுக்குள் வந்தது 1991இல்!

2018இல் யுனிகோடுக்கென்றே ஆய்வுக் குழு 16-ஐ அமைத்தீர்கள். அவர்கள் உழைப்பை மதிக்கிறோம். ஆனாலும் கணக்குப் பார்த்தால் மனம் ஆறவில்லை. யூடிஎஃப் முறைகளுக்கு இடையே மாற்ற இருந்த பழைய கருவிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று சி++17இல் ஒதுக்கி, சி++26இல் நீக்கியே விட்டீர்கள். அந்த இடத்தில் வைக்க எதுவும் வரவில்லை. யூடிஎஃப்-8 என்று காட்ட யு8 என்று முன்னொட்டுப் போட்ட சரம் சி++17 வரை திரையில் எழுதும் சிஅவுட்டில் அச்சானது, சி++20இல் கம்பைல்கூட ஆவதில்லை. வருடத்துக்கு மூன்று கூட்டம், பெரும்பாலும் அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ. விசாவும் விமானச் செலவும் எங்களில் எத்தனை பேருக்குக் கட்டும்? ரிஃப்ளெக்‌ஷன் (நிரல் தன்னையே ஆராயும் வசதி) போன்ற பெரிய வேலையை சி++26இல் முடித்துக் காட்டிய உங்களுக்கு, இருக்கிற அட்டவணையைத் திறந்துவிடுவது மலை இல்லை. தமிழ் மட்டுமல்ல, இதே அலுவலகத்தில் கன்னடத்துக்கும் மலையாளத்துக்கும் இதே பாடுதான்.

அதனால் தயவுகூர்ந்து, ஒரு சரத்தை எழுத்து எழுத்தாக நடக்கும் வசதியை சி++29க்கான பணிகளில் முன்னுக்குக் கொண்டுவாருங்கள். முழு யுனிகோட் நூலகமும் தயாராகும் வரை இதை நிறுத்தி வைக்க வேண்டாம். இதை மட்டும் தனியாக, முதலில் தாருங்கள். சோதித்துப் பார்க்கத் தமிழ், கன்னடச் சொற்கள் வேண்டுமென்றால் கேளுங்கள். மளிகைக் கடைப் பட்டியல் முழுவதையும் தொகுத்துத் தர இங்கே ஆட்கள் இருக்கிறோம்.

இப்படிக்கு,
பெங்களூரிலிருந்து ஒரு சி++ நிரலாளர்