கினபாத்தாங்கான் போய் வந்த கதை

அன்பு மகளுக்கு,

அம்மா நல்லபடியாக வீடு வந்து சேர்ந்துவிட்டேன். காய்ச்சல் இல்லை, முட்டி வலி இல்லை. இடது கணுக்காலில் அட்டை கடித்த இடம் மட்டும் இன்னும் அரிக்கிறது. போனில் பேசினால் பாதி விட்டுப்போகும், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அறுபத்து மூன்று வயதில், முன்பின் தெரியாத ஏழு பேரோடு போர்னியோ தீவில் இருக்கும் சபா மாநிலத்துக்கு, கினபாத்தாங்கான் ஆற்றுக் காட்டுக்குப் போக வேண்டுமா என்று கோபித்துக்கொண்டாய். அப்பா போன பிறகு நான் தனியாகக் கிளம்பிய முதல் பயணம். விமானம் ஏறும்வரை எனக்கும் வயிற்றைக் கலக்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அப்பாவோடு கடைசியாகப் போன பஸ் சுற்றுலா உனக்கு நினைவிருக்கும். நாற்பத்திரண்டு பேர், ஒரு கொடி, ஒரு ஒலிபெருக்கி. ஐந்து நாளில் ஒன்பது இடம். ஓர் இடத்தில் அப்பாவுக்கு மூச்சு வாங்கி உட்கார்ந்தபோது, பஸ் காத்திருக்கிறது என்று அவரை எழுப்பிவிட்டார்கள். அன்றைக்கே முடிவு செய்தேன், இனி போனால் ஒரு வேனில் அடங்கும் கூட்டத்தோடுதான் என்று. இந்த முறை எட்டுப் பேர், ஒரு வழிகாட்டி, ஒரு படகோட்டி, ஐந்து நாள். யாராவது பின்தங்கினால் எல்லோரும் நின்றோம்.

கோலாலம்பூரிலிருந்து சண்டாக்கானுக்குக் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். நம் நாடுதான், ஆனாலும் சபாவுக்குத் தனிக் குடிநுழைவு உண்டு. நான் அடையாள அட்டையைக் காட்டி உள்ளே போனேன். நீங்கள் வரும்போது பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள், அங்கே மறுபடி கேட்பார்கள்.

சண்டாக்கானிலிருந்து ஆற்றங்கரைக் கிராமமான சுக்காவுக்கு வேனில் இரண்டரை மணி நேரம். வழி நெடுக செம்பனை, பாமாயில் எடுக்கிற மரம். வலப்பக்கம் செம்பனை, இடப்பக்கம் செம்பனை, மேடேறினால் அடிவானம்வரை செம்பனை. கூட இருந்த இங்கிலாந்துப் பெண்மணி, "காட்டை எல்லாம் அழித்துவிட்டார்களே" என்று வருத்தப்பட்டார். எனக்குப் பேச வரவில்லை. எங்கள் தோட்டத்தில் ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டபோது எனக்குப் பத்து வயது. நீளக் கம்பில் கட்டிய அரிவாளால் தாத்தா குலை அறுப்பார், பாட்டி உதிரிப் பழம் பொறுக்குவார். அந்தக் கூலியில்தான் நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் போனேன். அந்த மரத்தை யார் குறை சொன்னாலும் எனக்குச் சுருக்கென்று தைக்கும். அதே சமயம், அந்த அம்மா சொன்னதிலும் பொய் இல்லை.

எங்கள் வழிகாட்டி ஓராங் சுங்கை மக்களில் ஒருவர். ஆற்று மனிதர்கள் என்று பொருள். நாற்பது வயது இருக்கும். அவருடைய தாத்தா காட்டில் பிரம்பு வெட்டியவர். இவரும் வழிகாட்டி ஆவதற்கு முன் சில வருடம் தோட்டத்தில் வேலை செய்திருக்கிறார். அன்று சாயங்காலம் படகில் என் தோட்டத்துக் கதையைச் சொன்னேன். எவ்வளவு அக்கறையாகக் கேட்டார் தெரியுமா? அடுத்த நாலு நாளும் எங்கள் பேச்சு அதையேதான் சுற்றி வந்தது. நாற்பது பேர் பஸ்ஸில் அப்படி ஒரு பேச்சு நடக்கவே நடக்காது.

கினபாத்தாங்கான் 560 கிலோமீட்டர் ஆறு. மலேசியாவில் ராஜாங்குக்கு அடுத்த நீளம் இதுதான். தண்ணீர் பால் தேநீர் நிறம். முதல் நாள் மாலை ஒரு மணி நேரத்துக்குள் நீள்மூக்குக் குரங்குகள் மூன்று கூட்டம், முதலை ஒன்று, இருவாச்சிப் பறவை நாலைந்து பார்த்துவிட்டோம். இவ்வளவு சுலபமாகக் கண்ணில் படுகிறதே என்று நான் கை தட்டாத குறை. அவர் மெதுவாகச் சொன்னார்: "டீச்சர், அதுகளுக்குப் போக வேறு இடம் இல்லை." கரையோரம் ஒரு பட்டை காடு, அதற்குப் பின்னால் செம்பனை. 2005இல் கீழ்க் கினபாத்தாங்கானில் ஏறத்தாழ 26,000 ஹெக்டேரைச் சரணாலயமாக அறிவித்தார்கள், ஆனால் அது ஒரே காடாக இல்லை, ஆற்றோரம் துண்டு துண்டாகக் கிடக்கிறது. யானை ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்குப் போக வேண்டுமானால் தோட்டத்தையும் வேலியையும் தாண்ட வேண்டும். ஓராங் உத்தானுக்கு நீந்தத் தெரியாது. முன்பு இரு கரையிலும் மரக்கிளைகள் ஒன்றோடொன்று கோர்த்திருந்த கிளையாறுகளில், இப்போது பழைய தீயணைப்புக் குழாய்களை முறுக்கிக் கயிற்றுப் பாலம் கட்டியிருக்கிறார்கள். அவர் காட்டியிராவிட்டால் அதை ஏதோ மின்கம்பி என்று நினைத்துப் பார்வையைத் திருப்பியிருப்பேன்.

நீள்மூக்குக் குரங்குகளுக்கு ஒருவர் வாழைப்பழம் நீட்டப் போனார். வழிகாட்டி உடனே கையைப் பிடித்துவிட்டார். அவை இலையும் காயும் தின்னும் பிராணிகள். இனிப்பான பழம் வயிற்றுக்குள் போய்ப் புளித்து, வயிறு உப்பிச் செத்தே போகுமாம்.

இரவுப் படகைப் பற்றித்தான் உனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். என்ஜினை அணைத்துவிட்டுக் கரையோரம் மிதந்தோம். தலைக்கு மேலே கை நீட்டினால் தொடும் உயரத்தில், ஒரு மெல்லிய கிளையில், ஒரு மீன்கொத்தி தூங்கிக்கொண்டிருந்தது. நீல முதுகு, ஆரஞ்சு வயிறு. உடம்பை உப்பிக்கொண்டு பந்து மாதிரி. வழிகாட்டி டார்ச்சை அதன் மேல் அடிக்கவில்லை. பக்கத்து இலையில் வெளிச்சத்தைப் போட்டு, அதிலிருந்து சிந்துகிற வெளிச்சத்தில் பார்க்கச் சொன்னார். எட்டுப் பேரும் மூச்சுக்கூட விடவில்லை. நீ கைக்குழந்தையாக இருந்தபோது அப்பா இரவு ஷிப்ட் முடிந்து வந்து, கைவிளக்கைச் சுவரில் காட்டித்தான் உன் முகத்தைப் பார்ப்பார். உனக்குச் சொன்னதில்லை இல்லையா? அங்கே ஆற்று நடுவில் அதுதான் நினைவுக்கு வந்தது. இருட்டாக இருந்தது நல்லதாய்ப் போயிற்று, அழுததை யாரும் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் வழிகாட்டியின் கம்பத்தில், அதாவது அவருடைய கிராமத்தில், ஒரு வீட்டில் தங்கினோம். வீட்டுக்கார அம்மா என்னைவிட இரண்டு வயது பெரியவர். அதிகாலையில் மூங்கில் கூடை தூக்கக் கூப்பிட்டுப் போனார். பூபூ என்கிறார்கள். வாய் அகலம், உள்ளே போகப் போகக் குறுகும், குச்சி முனைகள் உள்பக்கம் பார்த்து இருக்கும். இறால் உள்ளே போகலாம், வெளியே வர முடியாது. அரிசி தட்டும் முறம் பின்னுகிற அதே பின்னல்தான். நான் விரலால் தடவிப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது, ஒரு பட்டையைக் கையில் கொடுத்தார். பாட்டி கற்றுக்கொடுத்த முடிச்சு இன்னும் மறக்கவில்லை, மகளே.

கொமந்தோங் குகையை அதிகம் வர்ணிக்கப் போவதில்லை. வௌவால் எச்சம், காலடியில் கரப்பான் பூச்சிக் கூட்டம், மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நடக்க வேண்டும். ஆனால் உன் மகன் ஒரு நிமிடம் அண்ணாந்து பார்க்க வேண்டும். உழவாரக் குருவிகள் எச்சிலால் கட்டிய, சூப் வைக்கிற கூட்டுக்காக, அந்தக் கூரை உயரத்துக்குப் பிரம்பு ஏணியில் மனிதர்கள் ஏறுகிறார்கள். உரிமம் உள்ளவர்கள் மட்டும், வருடத்தில் குறிப்பிட்ட பருவங்களில் மட்டும்.

இன்னொரு இடத்துக்கு நீ பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப் போக வேண்டும். போரில் இறந்த வீரர்களை நினைக்கிற அன்சாக் நாளான ஏப்ரல் 25க்கு உங்கள் ஆஸ்திரேலியப் பள்ளியில் சிவப்புக் காகிதப் பூ குத்திக்கொண்டு நிற்கிற படம் அனுப்புவாயே, அதோடு சேர்ந்த இடம். சண்டாக்கானில் இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் வைத்திருந்த போர்க் கைதி முகாமில் ஆஸ்திரேலியரும் பிரிட்டிஷ்காரரும் ஏறத்தாழ 2,400 பேர் இருந்தார்கள். 1945இல் அவர்களில் நடக்க முடிந்தவர்களைக் காட்டு வழியே ரானாவ் என்ற ஊர்வரை, சுமார் 260 கிலோமீட்டர், நடக்க வைத்தார்கள். உயிரோடு மிஞ்சியது ஆறே பேர். ஆறு பேரும் ஆஸ்திரேலியர், ஆறு பேரும் தப்பி ஓடியவர்கள். ஒளித்து வைத்துச் சோறு போட்டவர்கள் உள்ளூர்க் கிராமத்து ஜனங்கள். முகாம் இருந்த இடத்தில் துருப்பிடித்த கொதிகலன் ஒன்று இன்னும் நிற்கிறது. அதன் பக்கத்தில் நின்று என் பேரப்பிள்ளைகளுக்கு நான் இந்தக் கதையைச் சொல்ல வேண்டும்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். டிசம்பரில் வருவதாகச் சொன்னாய், அப்படியே காரை வாடகைக்கு எடுத்துச் சபாவைச் சுற்றிவிடலாம் என்றும் சொன்னாய். இரண்டும் வேண்டாம். நவம்பரிலிருந்து பிப்ரவரிவரை அங்கே அடைமழை, ஆறு கரை தாண்டும். உங்கள் ஊர்ப் பள்ளிக்கு ஜூன் கடைசியில் விடுமுறை விடுகிறார்களே, அப்போது வா. கார் இருந்தால் சாலை கிடைக்கும், அந்த மீன்கொத்தி கிடைக்காது. எட்டு, பத்துப் பேருக்கு மேல் சேர்ப்பார்களா என்று முதலிலேயே கேள். வழிகாட்டி உள்ளூர்க்காரரா, கழுத்தில் உரிம அட்டை உண்டா, ஒரு ராத்திரியாவது கம்பத்தில் தங்க வைப்பார்களா என்றும் கேள். கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் அந்த நிறுவனம் வேண்டாம். மாப்பிள்ளைக்குக் கினபாலு மலை ஏற ஆசை இருந்தால், 4,095 மீட்டர், மலை வழிகாட்டி இல்லாமல் விடமாட்டார்கள், ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று கணக்கு உண்டு. பல மாதம் முன்பே பதிய வேண்டும். அவர் ஏறட்டும், நானும் பிள்ளைகளும் கீழே பூங்காவில் இருந்துகொள்கிறோம்.

கிளம்புகிற காலையில் யானைகளைப் பார்த்தோம். எதிர்க்கரையில் ஏழு, குட்டியோடு. போர்னியோ யானை உருவத்தில் சின்னது. புல்லைத் தும்பிக்கையால் சுழற்றிப் பிடுங்கி, முழங்காலில் தட்டி மண்ணை உதிர்த்துவிட்டுத் தின்றன. அவற்றுக்குப் பின்னால் ஐம்பதடி தள்ளி செம்பனை வரிசை தெரிந்தது. நானும் அந்த இங்கிலாந்து அம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, படகு திரும்பும்வரை பார்த்துக்கொண்டே இருந்தோம்.

பிள்ளைகள் அளவில், அட்டை கடிக்காமல் தடுக்கும் காலுறை இரண்டு ஜோடி சண்டாக்கானிலேயே வாங்கி வந்துவிட்டேன். பெரியவன் பாதம் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று அளந்து எழுது.

அன்புடன்,
அம்மா