படங்களை வாடகைக்குக் கொடுப்பதை ஏன் நிறுத்துகிறோம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

இந்த மாதக் கடைசியோடு படங்களை வாடகைக்குக் கொடுப்பதை நிறுத்துகிறோம். கடையை மூடவில்லை. பழைய வீடியோ கேசட்டுகளை டிஜிட்டலாக மாற்றித் தரும் வேலை தொடரும், இனி அதுதான் எங்கள் முழுநேர வேலை. உறுப்பினராகச் சேர்ந்தபோது முன்பணம் கட்டியவர்கள் வந்து திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அட்டை தொலைந்துபோயிருந்தாலும் பரவாயில்லை, பெயர் பேரேட்டில் இருக்கும்.

சொல்ல வேண்டியது இவ்வளவுதான். ஆனால் கேள்விப்பட்டவர்கள் எல்லோரும் "ஓடிடி வந்து உங்கள் பிழைப்பைக் கெடுத்துவிட்டது" என்று வருத்தப்படுகிறார்கள். அது பாதிதான் உண்மை என்று எங்களுக்குத் தோன்றுகிறது. மீதியைச் சொல்லத்தான் இந்த மடல்.

கேசட் காலத்துப் பேரேட்டைப் புரட்டினால் ஒரு வீட்டுக்கு ஒரு படம்தான் இருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் எடுத்துப் போவார்கள், திங்கள் காலை திரும்பி வந்துவிடும். வீட்டில் ஒரு டிவி, கேசட் ஓட்ட ஒரு டெக், அதனால் எல்லோருக்கும் பிடிக்கிற ஒரு படம் வேண்டும், அதை முடிவு செய்ய அலமாரி முன்னால் குடும்பமாக நின்று அரை மணி நேரம் பேசுவார்கள். டிவிடி வந்த பிறகு அதே உறுப்பினர் எண்ணில் மூன்று நான்கு வட்டுகள் போகத் தொடங்கின: பிள்ளைகளுக்கு ஒன்று, பெரியவர்களுக்கு ஒன்று, இரவு வேலை முடிந்து வருகிறவருக்கு ஒன்று. சனிக்கிழமைக் கூட்டம் கலைந்து வாரம் முழுக்கப் பரவியது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே நாளில் விடுமுறை கிடைப்பது குறைந்துபோயிருந்தது, கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போனார்கள், பிள்ளைகளின் அறையில் ஒரு கணினி வந்திருந்தது. ஓடிடி அப்போது எங்கேயும் இல்லை. ஒரே வீட்டில் தனித்தனியாகப் பார்க்க ஆட்கள் பழகிய பிறகுதான் அதற்கான தொழில் வந்து சேர்ந்தது.

முன்பு தியேட்டர்களுக்கும் இதுதான் நடந்தது. அமெரிக்காவில் தியேட்டர் கூட்டம் உச்சத்தில் இருந்தது 1946இல். அடுத்த ஆண்டே சரியத் தொடங்கியது. டிவிதான் காரணம் என்று இன்றுவரை சொல்கிறார்கள், ஆனால் 1950இல் அங்கே நூற்றுக்குப் பத்து வீடுகளில்கூட டிவி கிடையாது! இரண்டாம் உலகப் போருக்குப் போனவர்கள் திரும்பி வந்து கல்யாணம் செய்துகொண்டார்கள், குழந்தை பிறந்தது, கடன் வாங்கிப் புறநகரில் வீடு கட்டிக் குடியேறினார்கள். தியேட்டர்களோ நகரத்து நடுவில் இருந்தன. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் யார் போவார்கள்? டிவி பிற்பாடு வந்து, ஏற்கெனவே வீட்டில் உட்கார்ந்திருந்தவர்களைப் பிடித்துக்கொண்டது. காரில் உட்கார்ந்தபடியே படம் பார்க்கும் டிரைவ்-இன் தியேட்டர்கள், 1933இலேயே தொடங்கியவை, போருக்குப் பிறகு ஏன் அப்படிப் பெருகின என்பதும் இதில் புரியும், கார் இருக்கிற குடும்பம், பின் இருக்கையில் தூங்கும் குழந்தை. பிரிட்டனில் சரிவு இன்னும் கடுமை: 1946இல் 163 கோடி டிக்கெட், 1984இல் 5 கோடி சொச்சம். மறு ஆண்டே மில்டன் கீன்ஸ் என்ற புது நகரத்தில் அந்த நாட்டின் முதல் மல்டிபிளெக்ஸ் திறந்தது, கார் நிறுத்த இடத்தோடு. அப்புறம் கூட்டம் மெல்லத் திரும்பியது.

சினிமா வியாபாரமாக வளர்ந்ததே இப்படித்தான். 1905இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்தில் ஐந்து சென்ட் வாங்கிக்கொண்டு படம் காட்டிய நிக்கலோடியன் என்ற சின்னத் தியேட்டருக்கு வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலோர் உழைப்பாளிகள், பலர் பிழைப்புக்காக வேறு நாடுகளிலிருந்து வந்தவர்கள். படம் பேசாது, அதனால் அந்த ஊர் மொழி தெரிய வேண்டியதில்லை. படங்கள் சின்னவை, வேலை முடிந்து எப்போது நுழைந்தாலும் பார்க்கலாம்.

படத்தின் கதையில் காலம் தெரிவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், படம் எடுத்த விதத்திலும் அது தெரியும் என்பதுதான் எங்களுக்குப் பெரிய ஆச்சரியம். போர் முடிந்த இத்தாலியில் ரோம் நகரத்துப் பெரிய ஸ்டுடியோவான சினெசிட்டாவில் அகதிகள் தங்கியிருந்தார்கள். பணமும் இல்லை, செட்டும் இல்லை, கேமராவைத் தெருவுக்குக் கொண்டுபோனார்கள். 1948இல் டி சிகா எடுத்த 'பைசைக்கிள் தீவ்ஸ்' படத்தில், கிடைத்த வேலைக்குத் தேவையான சைக்கிளைப் பறிகொடுக்கும் தகப்பனாக நடித்தவர் நிஜ வாழ்க்கையில் ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி. அந்த வட்டை எங்களிடம் எடுத்தவர்களில் பாதிப் பேர் திருப்பித் தரும்போது நின்று பேசிவிட்டுத்தான் போவார்கள். எங்களுக்கு இனி அதுதான் பெரிய இழப்பு.

வீடியோவும் ஆட்களின் நேரத்தைப் பார்த்து வந்த பொருள்தான். சோனியின் பீட்டாமேக்ஸ் 1975இல் வந்தபோது ஒரு கேசட்டில் ஒரு மணி நேரம்தான் பதியும். 1976இல் ஜேவிசியின் விஎச்எஸ் இரண்டு மணி நேரம் பதிந்தது, ஒரு முழுப் படம் அடங்கிவிடும். வேலைக்குப் போகிறவர்கள் டிவி நிகழ்ச்சியைப் பதிந்து வைத்துத் தங்களுக்கு நேரம் கிடைக்கும்போது பார்த்தார்கள். இது திருட்டு என்று ஸ்டுடியோக்கள் வழக்குப் போட்டன. அப்படிப் பதிவது தவறில்லை என்று 1984இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. ஒரு நீதிபதி மாறியிருந்தால் எங்கள் மாதிரிக் கடைகளின் கதையே வேறாகியிருக்கும். நெட்பிளிக்ஸ்கூட 1998இல் தபாலில் வட்டு அனுப்பித்தான் தொடங்கியது, 2023 செப்டம்பரில் அதை நிறுத்தியும்விட்டது.

சரி, இனி உங்கள் கேசட்டுகள். தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாதீர்கள். டேப்பில் இருக்கும் காந்தப் பூச்சு வருடங்கள் போகப் போகத் தானாகவே கெடும். ஓட்டுவதற்கு டெக்கும் கிடைக்காது, கடைசியாகத் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது, பழுதான டெக்கின் பாகங்களைக் கழற்றித்தான் நாங்களே ஓட்டுகிறோம். கேசட்டைப் புத்தகம் போல நிமிர்த்தி, ஈரமும் சூடும் இல்லாத இடத்தில் வையுங்கள். வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் வீட்டு டெக்கில் போட்டுப் பார்க்காதீர்கள், டேப் அறுந்துவிடும், டெக்கும் பாழாகும். அப்படியே கொண்டுவாருங்கள். விசேஷக் கேசட்டுகள் மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள், சும்மா வீட்டுக்குள் எடுத்ததையும் கொண்டுவாருங்கள். அந்தக் கூடம், அதில் ஒரே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள், அதெல்லாம் அதில்தான் இருக்கிறது.

அலமாரியில் இருக்கும் வட்டுகளில் ஆளுக்கு ஐந்து எடுத்துக்கொள்ளுங்கள், காசு வேண்டாம். உங்களிடம் தங்கிவிட்ட எங்கள் வட்டுகளையும் நீங்களே வைத்துக்கொள்ளலாம், தாமதக் கட்டணம் எதுவும் கிடையாது. மாதக் கடைசி வரை இரவு ஒன்பது மணி வரைக்கும் கடை திறந்திருக்கும்.

அன்புடன்,
கடையில் இருக்கும் நாங்கள் எல்லோரும்